பெற்றோர் கேட்கக் கூடாது

பாலில் அரிசி வேகும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது, மகளே. கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துவிடும். பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கருகல் வாசனை போகாது. அதனால் கிண்டிக்கொண்டே பேசுகிறேன், முதுகைக் காட்டுகிறேனே என்று வருத்தப்படாதீர்கள். காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள். அடிலெய்டிலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் காரை வாசலில் நிறுத்தியதுமே எதற்காக வந்தீர்கள் என்று தெரிந்துவிட்டது. தாலியா பள்ளியில் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்: நூனா என்னைப் பழக் கிடங்கில் வைத்துப் பூட்டினாள், நான் அழுதேன், கதவு திறக்கவே இல்லை. நேற்று மதியம் பள்ளியிலிருந்தே அவளை வேறு யார் வீட்டுக்கோ அழைத்துப் போய்விட்டார்கள். அவளுடைய முயல் பொம்மை இங்கே கட்டிலில் கிடக்கிறது. நான் பள்ளி வாசலில் வண்டியில் காத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். வாசற்கதவைச் சாத்தும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

நான் அவளைப் பூட்டவில்லை. ஆனால் அதை நீங்கள் நம்ப வேண்டுமானால், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரிய வேண்டுமானால் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதனால்தான் சொல்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பிள்ளைமேல் தவறில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டெலியோவுக்கும் ஷெல்லிக்கும் இங்கே ரென்மார்க் கோயிலில் கலியாணம் நடந்தபோது, இருவர் தலையிலும் இருந்த பூமுடிகளை மாற்றி மாற்றி வைத்தவள் நான். எங்கள் கிரேக்க வழக்கத்தில் முடி மாற்றியவள்தான் முதல் பிள்ளைக்கும் ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தாலியாவை, உடம்பெல்லாம் எண்ணெய் வழுக்க வழுக்க, வெள்ளைத் துணியில் வாங்கிக்கொண்டவள் நான். அதனால் ஸ்டெலியோ என்னைக் கும்பாரா என்பான். பிள்ளை நூனா என்பாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் எங்களவர்கள் ரத்தத்தைவிட அந்த எண்ணெயைத்தான் நம்புவார்கள். ரத்தம் ஒரு பக்கம் சாயும். ஞானத்தாய் இரண்டு பக்கத்துக்கும் பொது.

அவர்கள் பிரிந்தபோது இரண்டு வக்கீல்களும் எழுதாதது இல்லை. அவன் குடிக்கிறான் என்றாள் இவள். இவள் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள் என்றான் அவன். ஷெல்லி அடிலெய்டில் தன் அக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். ஸ்டெலியோ வடக்கே சுரங்கத்தில்; இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு. எது உண்மை என்று பார்க்க முழு விசாரணை வேண்டும், அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை பிள்ளை எங்கே இருப்பது என்று நீதிமன்றம் கேட்டது. இருவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் நான்தான்.

அப்படித்தான் அந்த இடைக்கால உத்தரவு வந்தது. பிள்ளை கலியோப்பியிடம் இருப்பாள். ஒரு வார இறுதி அப்பாவோடு, ஒரு வார இறுதி அம்மாவோடு. அதில் இன்னொரு வரியும் இருந்தது. மற்றவர் வீட்டில் என்ன நடந்தது என்று பெற்றோர் இருவரும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது. பிள்ளையைக் கவனிக்க நீதிமன்றம் அனுப்பிய அதிகாரியாக முதல் தடவை வந்தபோது நீங்களே எனக்கு அதைப் படித்துக் காட்டினீர்கள். நல்ல வரி என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் வந்தபோது நான்கு வயது. கையில் ஒரு சின்னச் சக்கரப் பெட்டி, காது பிய்ந்த முயல். என் கணவர் பாந்தெலி போன பிறகு இந்த வீட்டில் இரவுச் சாப்பாடு என்று ஒன்று இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே எதையாவது கடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அவள் வந்த பிறகு மேசைக்கு விரிப்பு வந்தது. ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓட்டை என்று அவள்தான் கண்டுபிடிப்பாள்; சேறு எங்கே இருக்கிறதோ அங்கே அவள் இருப்பாள். கிரேக்கத்தில் பத்துவரை எண்ணுவாள், ஏழு என்ற எண்ணை மட்டும் விட்டுவிடுவாள். நான் திருத்தவில்லை. ஏழு இல்லாமல் கேட்க நன்றாக இருந்தது.

இது இடைக்காலம்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உங்கள் இடைக்காலம் நீளமானது, மகளே. தேதி குறிப்பார்கள், தள்ளிப்போகும். நீதிபதி மாறுவார். உளவியல் நிபுணர் விடுப்பில் போவார். அதற்குள் பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்துவிடுகிறது. பள்ளியில் சேர்த்தது நான். செருப்பளவு தெரிந்தவள் நான். இடைக்காலம் என்று எழுதியிருப்பது காகிதத்தில்தானே, காலையில் எழுந்து தலை பின்னும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை ஷெல்லி பிள்ளையை அழைத்துப்போக வந்தாள். ஸ்டெலியோ என் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்ய வந்திருந்தான். இருவரும் இதே மேசையில் உட்கார்ந்தார்கள். சண்டை போட்டுப் போட்டுக் களைத்துப்போயிருந்தார்கள். களைத்துப்போனவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

“போன தடவையாவது அவளுக்கு சீட் பெல்ட்ட மாட்டினியா, இல்ல உங்க சுரங்கத்துல அதுக்கும் லீவு விட்டுட்டாங்களா?” என்றாள் ஷெல்லி.

“நீ வண்டி ஓட்டுற லட்சணத்துக்கு பெல்ட் பத்தாதும்மா. ஹெல்மெட்டே போடணும்.”

“பாத்தீங்களா பாப்பி? இவன் வாய மட்டும் சுரங்கத்துல எவனும் புதைக்க மாட்டேங்கறான்.”

ஆஸ்திரேலியர்களுக்குக் கலியோப்பி என்று சொல்ல நாக்கு வளையாது. அவளுக்கு நான் பாப்பிதான். நான் காப்பி ஊற்றினேன். ஸ்டெலியோ ஒரு வாய் குடித்துவிட்டு, “கும்பாரா, இந்தக் காப்பியக் குடிச்சா செத்தவன்கூட எழுந்து வந்து வரி கட்டிட்டுப் போவான்” என்றான். மூவரும் சிரித்தோம். தாலியாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

அப்போதுதான் சொன்னார்கள். அவன் சுரங்க வேலையை விடப்போகிறான். பக்கத்து ஊரில் பழம் கட்டும் ஆலையில் வேலை, வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டான். அவளும் இந்தப் பக்கம் திரும்பி வருகிறாள், ஆஸ்பத்திரியில் இடம் காலியாம்.

“ஒரு வாரம் அவன்கிட்ட, ஒரு வாரம் என்கிட்ட. வக்கீலுங்க எழுதிக் கையெழுத்து வாங்கிட்டா விசாரணையே வேணாம்கறாங்க, பாப்பி. உங்களுக்குத்தான் இவ்வளவு நாளா எவ்வளவு கஷ்டம் குடுத்துட்டோம்.”

“எனக்கென்ன கஷ்டம்” என்றேன்.

ஷெல்லி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அடுத்த வார இறுதி ஸ்டெலியோவின் முறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அன்றைக்கும் இப்படித்தான் அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முயலோடு அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். நான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

“பாபாகூட நல்லா இருந்துதா?”

“ம். படகு பாத்தோம். பாபா பெட்ரோல் போட நிறுத்தினாரு. நான் கார்லயே இருந்தேன்.”

“தனியாவா?”

“தூங்கிட்டு இருந்தேன்.”

“கதவப் பூட்டிட்டா போனாரு?”

“ம்.”

“பயமா இருந்திருக்குமே, கண்ணு.”

“இல்ல. தூங்கிட்டேன்ல.”

“முழிச்சப்போ?”

“பாபா வந்துட்டாரு. சாக்லேட் வாங்கிட்டு வந்தாரு.”

“அவர் வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் முழிச்சிருப்பே. கண்ண மூடிக்கிட்டே முழிச்சிருப்போம் இல்ல, அந்த மாதிரி. அப்போ?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குனிந்து நின்றேன். பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் முன்னாலேயே முகத்தைப் படித்துவிடுகிறார்கள். என் முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

“கொஞ்சம் பயமா இருந்துச்சு” என்றாள்.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெகுநேரம் வைத்திருந்தேன். பிறகு பால்சோற்றைச் சூடாகக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பட்டைத்தூளால் அவள் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அது எங்கள் வீடுகளில் பண்டிகைக்கும் காய்ச்சலுக்கும் செய்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவரை அவளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

அதற்கடுத்து அவள் அம்மாவிடம் போய் வந்தாள். எல்லாம் நன்றாக இருந்தது என்றாள். நான் “சரி, கண்ணு” என்று ரொட்டியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அவளைத் தண்டிக்கவில்லை. பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிறு, நான் கேட்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்தாள். பாபா காரைப் பூட்டினார். நான் கண்ணாடியைத் தட்டினேன். அழுதேன். அது மறுபடி நடந்ததா, பழையதையே சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. “கதவு திறக்கவே இல்லையா கண்ணு?” என்று மட்டும் கேட்டேன். அடுத்த முறை அவள் வாயிலிருந்தே வந்தது: கதவு திறக்கவே இல்லை. அதற்கடுத்த முறை பாபா வெளியே நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கொடுக்கவில்லை; அது அவளே சேர்த்தது. அவள் புத்திசாலி. எனக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, எதற்குப் பிடிக்கிறது என்றுதான் தெரியாது.

உங்கள் உத்தரவை நான் மீறவில்லை. பெற்றோர் கேட்கக் கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. நான் பெற்றவள் இல்லை.

உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. பிள்ளை சொன்னதை, பிள்ளை சொன்ன மாதிரியே சொன்னேன். என் ஆயுளில் நான் பொய்ச் சத்தியம் செய்ததில்லை. நீங்கள் கிளம்பி வந்தீர்கள். இதே நாற்காலியில் அவளை உட்காரவைத்து மெதுவாகக் கேட்டீர்கள். அவள் சொல்லி முடித்ததும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எவ்வளவு தைரியமா சொன்ன! நீ ரொம்ப ரொம்ப நல்ல பொண்ணு” என்றீர்கள். நான் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். இந்தப் பெண்ணும் பட்டைத்தூள் தூவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குறை சொல்லவில்லை, மகளே. நீங்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள்.

வாசலில் காரில் ஏறும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “எது உண்மைன்னு இப்போ பாக்க முடியாது, கலியோப்பி. அது விசாரணையிலதான். அதுவரைக்கும் பிள்ளைக்கு ஆபத்து வராத பக்கமா நிக்கணும். வேற வழியில்ல.” சரியான பேச்சு. யார் மறுக்க முடியும்?

ஷெல்லி பேச்சை முறித்துக்கொண்டாள். “என் பொண்ண கார்ல வெச்சு பூட்டிட்டு சிரிக்கறவன்கிட்ட ஒரு வாரம் விடணுமா?” என்று தொலைபேசியில் அழுதாள். ஸ்டெலியோ இனிப் பக்கத்து ஊரில் ஓர் அறையில், ஒரு கண்காணிப்பாளர் முன்னிலையில் மட்டும்தான் பிள்ளையைப் பார்க்கலாம் என்று ஆனது. அழைத்துப்போவது நான்தான். வண்டியில் அவளுக்கு ஆறுதல் சொல்வேன். “பயப்படாத, கண்ணு. அங்க ஒரு அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க. பாபாவால ஒண்ணும் பண்ண முடியாது” என்பேன். அறை வாசலுக்குப் போகும்முன்பே அவள் அழ ஆரம்பித்துவிடுவாள். அப்பாவைப் பார்த்ததும் பிள்ளை அழுதது என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

ஸ்டெலியோ ஒருநாள் வந்தான். உள்ளே வரவில்லை, வரலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலிக்கு வெளியே நின்றுகொண்டே பேசினான். சவரம் செய்திருக்கவில்லை.

“கும்பாரா, பூட்டினது நெசம். நான் மறைக்கல. அவ தூங்கிட்டிருந்தா, எழுப்ப மனசு வரல. கண்ணாடி வழியா அவளப் பாத்துக்கிட்டேதான் உள்ள நின்னேன். ஒரே ஒரு தடவதான். அவ எப்போ அழுதா? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. நான் எதையாவது மறந்துட்டேனா? குடிக்கறத விட்டு எத்தன நாளாச்சு, எனக்கு மறதியும் கெடையாது. நான் சிரிச்சேனாமே, கும்பாரா. அவ அழும்போது நான் சிரிச்சேனாமே.”

“உடம்பப் பாத்துக்க, ஸ்டெலியோ.”

“உங்க பேச்சுன்னா அவங்க நம்புவாங்க. எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்கதானே எங்க தலையில முடி வெச்சீங்க.”

“என்னால என்ன செய்ய முடியும்? புள்ள சொல்றத நான் எப்பிடி மாத்த முடியும்?”

அவன் தலையை ஆட்டினான். நான் சொன்னது அவனுக்கு நியாயமாகப் பட்டது. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் கையை வாங்கி முத்தமிட்டான். ஒரு பை ஆரஞ்சு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். அவன் ஒரு கணம்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. அது அவன் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்களில் யாரும் கும்பாராவைச் சந்தேகப்படமாட்டோம்.

ஜனவரியில் ஆற்றுத் திருநாள் வந்தது. பாதிரியார் துறையில் நின்று சிலுவையை மர்ரே ஆற்றில் எறிவார். இளவட்டங்கள் குதித்து எடுப்பார்கள். எடுத்தவன் வீட்டுக்கு அந்த வருடம் நல்லது நடக்கும். ஸ்டெலியோ சின்ன வயதிலிருந்தே குதிப்பவன். அன்றைக்கு அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வயதில், பையன்களுக்கு நடுவே, அவன்தான் குதித்தான், அவன்தான் எடுத்தான். சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கண் கரையில் யாரையோ தேடியது. தாலியாவைக் கண்டுகொண்டது.

அவள் அலறவில்லை. சத்தமே போடவில்லை. என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் காலடியில் மண் நனைந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஸ்டெலியோவும் பார்த்தான்.

கரைக்கு வந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். சிலுவையைப் பக்கத்தில் இருந்த பையன் கையில் கொடுத்துவிட்டு, பின்வாங்கி மறுபடி ஆற்றுக்குள் போனான். கழுத்துவரை தண்ணீருக்குள் போய், வில்லோ மர நிழலில், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் தன்னைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று. பாதிரியார் பாடி முடித்து, ஆட்டிறைச்சி பரிமாறி, ஆட்கள் சாப்பிட்டுக் கலையும்வரை அப்படியே நின்றான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கையை மட்டும் தூக்கி ஆட்டினான். நாங்கள் போனால்தான் அவன் கரையேறுவான் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நல்ல வெயில். தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்காது. நான் சாப்பாட்டை அவசரப்படாமல் முடித்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஷெல்லிதான் கொஞ்சம் யோசிக்கிறவள். வேற்று ஊர்க்காரி, எண்ணெயை நம்புகிற பழக்கம் அவளுக்குப் பிறவியில் இல்லை. ஆற்றில் நடந்ததைக் கேள்விப்பட்டு வந்தாள்.

“பாப்பி, என்கிட்ட இருக்கறப்போ அவ பாபாவப் பத்தி ஆசையாத்தான் பேசறா. போன வாரம் அவருக்கு ஒரு படம்கூட வரைஞ்சா. இங்க வந்ததும் ஏன் வேற மாதிரி ஆயிடறா? ஞாயித்துக்கெழம என்ன பேசுவீங்க நீங்க ரெண்டு பேரும்?”

“என்ன பேசுவோம். சாப்பிடுவோம், தூங்குவோம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதத்துக்குள்ளேயே தாலியா, மம்மி என்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போனாள் என்று சொல்லத் தொடங்கினாள். அதற்கு நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பால்சோறு தயாராக இருந்தது, அவ்வளவுதான். வக்கீல் காகிதத்தில் ஸ்டெலியோ ஆரம்பத்தில் எழுதிய அதே குற்றச்சாட்டு அது என்பதால் உங்களுக்கும் பொருத்தமாக இருந்தது. ஷெல்லி சண்டை போட்டாள், பிறகு தூக்க மாத்திரை போட்டாள், மாத்திரை போடுகிறாள் என்று அதையும் எழுதினார்கள். இப்போது அவளும் அந்த அறையில்தான் பிள்ளையைப் பார்க்கிறாள். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் அவள். அவர்கள் ஆசைப்பட்ட மாதிரியே.

நான் அவர்களை வெறுக்கவில்லை. அவன் தலையிலும் அவள் தலையிலும் முடி வைத்த கை இது. பிள்ளையை நான் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அவளிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அன்பாக இருந்தேன். எப்போது அன்பாக இருப்பது என்பதை மட்டும் கொஞ்சம் பார்த்துச் செய்தேன்.

இப்போது கிடங்கு. நீங்களே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பெருவெள்ளத்தில் ஊறிப்போன கதவு. பாதிக்கு மேல் சாத்தாது. பூட்டு மாட்டக் கொக்கியே கிடையாது. நீங்கள் கையால் தள்ளிக்கூடப் பார்த்தீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, “இப்போதைக்கு அவ வேற எடத்துல இருக்கறதுதான் நல்லது, கலியோப்பி. எது உண்மைன்னு இப்போ பாக்க முடியாது” என்றீர்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அதில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. கெஞ்சுவதற்கு அதில் பிடிமானமே இல்லை. ஸ்டெலியோ வேலிக்கு வெளியே ஏன் அப்படி நின்றான் என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்றுச் சாயங்காலம் அந்த வீட்டிலிருந்து அவளோடு கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். அந்த வீட்டு அம்மாளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏன் கண்ணு நூனாவப் பத்தி அப்படிச் சொன்ன?”

“டீச்சர் கேட்டாங்க.”

“என்னன்னு கேட்டாங்க?”

“உன்ன யாராவது பயமுறுத்தறாங்களான்னு கேட்டாங்க. பாபாவச் சொன்னேன். மம்மியச் சொன்னேன். வேற யாராவதுன்னு கேட்டாங்க.”

அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நூனா, அது நடந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். நடந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் பேசக் கூடாது என்று என்னிடம் சொன்னார். அவர் குரலும் நல்ல குரல்தான்.

அவளுக்குத் தெரியவில்லை, மகளே. அதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து அவள் சொல்லவில்லை. காரில் என்ன நடந்தது என்றும் அவளுக்குத் தெரியாது, கிடங்கில் என்ன நடந்தது என்றும் தெரியாது. அவளுக்கு ஆறு வயது. யாராவது கேட்டால் அந்த முகத்தைப் பார்க்கிறாள், அந்த முகம் கனியும்வரை சொல்லிக்கொண்டே போகிறாள். அப்படி அவளை ஆக்கியது நான். ஒரு வருடமாக, ஞாயிறு தவறாமல், இந்த அடுப்படியில் வைத்து ஆக்கினேன். எழுதிக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்?

நான் கேட்பது அதிகம் இல்லை. கிடங்கு விஷயம் பொய் என்று எழுதுங்கள்; அதற்குக் காரணத்தை இப்போது நானே சொல்லிவிட்டேன். ஸ்டெலியோ பற்றியும் ஷெல்லி பற்றியும் எழுதியதை இப்போது தொட வேண்டாம். அவள் அதற்குப் பழகிவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் இல்லை என்று சொன்னால் சின்னப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மெதுவாகச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அவளைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். என்னைவிட அவளைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? முழு விசாரணை வரும்வரை அவள் இங்கேயே இருக்கட்டும்.

நாளைக்கு அவளை அழைத்துவரும்போது வழியில் ஒன்றும் கேட்டுக் குழப்பாதீர்கள், மகளே. அந்த வீட்டில் அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்று, வந்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன்.